வெளிநாட்டு மாப்பிள்ளையும் கலியாண எழுத்தும்
சட்டம் கேட்பது என்ன? குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை எவை?

‘மாப்பிள்ளை கனடா’, ‘பொடியன் சுவிஸ்’ என்று சொல்லிக்கொண்டு தரகர் படலையைத் திறந்து வந்தால், சாதகப் பொருத்தம், சீதனம், பயணச் செலவு ஆகியவை முதல் நாளே பேசப்பட்டுவிடும். கலியாணம் எந்த நாட்டில், எந்தச் சட்டத்தின்படி நடக்கப்போகிறது என்பதை மட்டும் பெரும்பாலும் ஒருவரும் கேட்பதில்லை. ஊரை விட்டு வந்து, இருந்த காணியையும் நகையையும் வைத்துப் பிள்ளையின் வாழ்வை அமைக்க முயலும் குடும்பங்களுக்கு இக்கேள்வி மிக முக்கியமானது. தாலி கட்டிய படமும் கோவில் பற்றுச்சீட்டும் கையில் இருந்தும், வீசா அதிகாரியின் முன்னால் ‘சட்டப்படி மனைவி’ என்று நிரூபிக்க முடியாமல் வருடக்கணக்கில் காத்திருக்கும் பெண்கள் எம்மிடையே இருக்கிறார்கள்.

முதலில் ஒரு பொது விதி. ஒரு கலியாணம் எந்த நாட்டில் நடக்கிறதோ, அந்த நாட்டுச் சட்டம் கேட்கும் முறைப்படி அது நடைபெற வேண்டும். அங்கு முறையாக நடந்தால் மற்ற நாடுகளும் பொதுவாக அதை ஏற்றுக்கொள்ளும். அங்கு முறை தவறினால் வேறு எங்கும் அதைச் சரிப்படுத்துவது கடினம். இத்துடன், மணமக்கள் இருவரும் கலியாணம் செய்யத் தகுதி உடையவர்களா என்பதும் பார்க்கப்படும். வயது வந்திருக்க வேண்டும். முன்னைய விவாகம் எதுவும் உயிருடன் இருக்கக்கூடாது. தடைசெய்யப்பட்ட உறவுமுறையாக இருக்கக்கூடாது. வெளிநாட்டுக் கலியாணத்துக்குக் கேட்கப்படும் கடதாசிகள் அனைத்தும் இந்த இரண்டு விடயங்களையும் நிரூபிப்பதற்காகவே கேட்கப்படுகின்றன.

‘எழுத்துத்தானே’ என்று எண்ண வேண்டாம்

பெரும்பாலான குடும்பங்கள் தெரிவு செய்வது இங்கேயே எழுத்தை முடித்துவிட்டுப் பின்னர் பெண்ணை அழைப்பிக்கும் வழியை. முஸ்லிம்கள் தவிர்ந்த எம்மவர்களின் விவாகப் பதிவு 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி நடக்கிறது. 1995இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின்னர் ஆண், பெண் இருவருக்கும் 18 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். பெற்றோரின் சம்மதம் இருந்தாலும் அதற்குக் குறைந்த வயதில் எழுத முடியாது.

விவாக அறிவித்தலை, நீங்கள் வசிக்கும் பிரிவின் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பங்கள் இதில் வீணாகக் கலங்குகின்றன. சொந்த ஊரின் பதிவாளரைத் தேடிப் போக வேண்டியதில்லை. இப்போது இருக்கும் பிரிவில் 10 நாட்கள் வசித்திருந்தால் அந்தப் பிரிவின் பதிவாளரிடமே அறிவித்தலைக் கொடுக்கலாம். அறிவித்தல் பதியப்பட்டு 12 நாட்கள் கழிந்ததும் பதிவாளர் சான்றிதழ் தருவார். விடுமுறையில் வந்த மாப்பிள்ளைக்கு அவ்வளவு நாள் இல்லையென்றால் விசேட அனுமதிப் பத்திரம் பெற்று முன்னதாகவே எழுதலாம். அதற்குச் செலவு கூட.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எமது ஊர்களில் ‘எழுத்து மட்டும் முடிந்தது, தாலி பிறகு’ என்று சொல்வார்கள். பலருடைய மனதில் எழுத்து என்பது நிச்சயதார்த்தத்தைப் போன்றது. சட்டத்தின் கண்ணில் அப்படியன்று. பதிவேட்டில் கையொப்பம் வைத்த அந்த நிமிடத்திலேயே இருவரும் கணவன் மனைவி. மாப்பிள்ளை பின்னர் மனம் மாறினாலோ, தொலைபேசியையே எடுக்காமல் விட்டாலோ, அந்தப் பெண் மறுமணம் செய்வதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெற வேண்டும். அதற்குச் சட்டம் ஏற்றுக்கொள்ளும் காரணங்கள் மூன்று மட்டுமே: பிறருடன் கூடாவொழுக்கம், வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லல், விவாக நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மையின்மை. ‘இருவருக்கும் ஒத்துவரவில்லை’ என்பது போதாது. ஒருநாள் கூடச் சேர்ந்து வாழாத பெண் நீதிமன்றப் படி ஏற நேர்வது இதனால்தான். வீசா அலுவலை விரைவுபடுத்த எழுத்தை முற்படுத்துவது தவறல்ல. ஆனால் அது திரும்பப் பெறக்கூடிய ஒரு படிவம் அல்ல என்பதைப் பிள்ளைக்குச் சொல்லியே கையொப்பம் இடுவிக்க வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இலங்கையில் பதிவில்லாமல் சமய முறைப்படி நடந்த கலியாணத்தையும் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. ஆனால் அதை நிரூபிக்கச் சாட்சிகளை அழைக்க வேண்டும். தூதரகத்தில் சாட்சி விசாரணை நடக்காது. விவாகச் சான்றிதழையே கேட்பார்கள்.

தொலைபேசியில் கட்டிய தாலி

மாப்பிள்ளை அங்கே, பெண் இங்கே. இடையில் தொலைபேசி, இப்போது காணொளி. இப்படி ஒரு சடங்கைச் செய்து உறவினருக்கு விருந்தும் கொடுத்துவிடுகிறார்கள். இலங்கைப் பதிவாளரின் முன்னால் மணமக்கள் இருவரும் நேரில் நின்று சொல்ல வேண்டியவற்றைச் சொல்லிக் கையொப்பமிட வேண்டும். எனவே இச்சடங்கினால் இங்கே விவாகப் பதிவு கிடைக்காது. கனடாவோ 2015 யூன் 11 முதல், மணமக்களில் ஒருவரேனும் நேரில் இல்லாமல் தொலைபேசி, தொலைநகல், இணையம் அல்லது பிரதிநிதி மூலம் செய்த கலியாணத்தைக் குடும்ப அழைப்புக்கு ஏற்பதில்லை. அந்தக் கலியாணம் நடந்த நாட்டில் அது செல்லுபடியானதாக இருந்தாலும் முடிவு அதுதான்.

கனடாவைப் பற்றி இன்னும் இரண்டு விடயம். ‘நிச்சயித்த பெண்’ என்ற பெயரில் அழைக்கும் வகை அங்கு 2002இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே கனடா மாப்பிள்ளையானால் முதலில் கலியாணம், பின்னர் அழைப்பு என்பதே வழமையான ஒழுங்கு. மேலும் 2012இல் வந்த விதியின்படி, துணைவராக அழைக்கப்பட்டு வந்தவர் நிரந்தர வதிவிடம் பெற்று 5 ஆண்டுகள் செல்லும்வரை வேறொருவரைத் தன் துணைவராக அழைக்க முடியாது. மாப்பிள்ளையே முன்பு ஒருவரால் அழைக்கப்பட்டுப் போனவர் என்றால் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தியாவில் நடத்துவதானால்

மாப்பிள்ளைமார் பலர் இலங்கைக்கு வராமல் திருச்சிக்கோ சென்னைக்கோ வருவதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. அகதியாக ஏற்கப்பட்ட ஒருவர் தாம் தப்பி வந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் தாமாக நாடினால், 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தின்படி அவருடைய அகதி நிலை முடிவுக்கு வரலாம். இலங்கைக் கடவுச்சீட்டை எடுப்பதும் இலங்கைக்குப் பயணம் செய்வதும் அவரைச் சிக்கலில் மாட்டலாம். ‘மாப்பிள்ளை வரமாட்டாராம்’ என்றவுடன் சந்தேகப்பட வேண்டியதில்லை. அவர் எந்தப் பத்திரத்தில் அங்கே இருக்கிறார் என்று கேளுங்கள்.

இந்தியச் சட்டத்தில் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். இங்கே 18 வயதில் எழுதக்கூடிய பையனுக்கு அங்கே எழுத முடியாது. இருவரும் இந்துக்களானால் 1955ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டத்தின்படி சடங்கை நடத்திப் பதியலாம். கிறிஸ்தவர்களுக்கு 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டம் உண்டு. மதம் வேறுபட்டால் 1954ஆம் ஆண்டின் விசேட விவாகச் சட்டம். அதில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாட்கள் வசித்திருக்க வேண்டும். அறிவித்தல் கொடுத்து மேலும் 30 நாட்கள் பொறுக்க வேண்டும். மூன்று கிழமை விடுமுறையில் வருபவருக்கு இது சரிவராது.

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் சட்டத்தினால் எல்லா மதத்தவரின் கலியாணங்களையும் பதிவது கட்டாயமாக்கப்பட்டது. 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் மேலும் 60 நாட்கள் கூடுதல் கட்டணத்துடன் பதியலாம். கோவிலில் தாலி கட்டி, மண்டபத்தில் சாப்பாடு போட்டு, மறுநாளே விமானம் ஏறிவிட்டுப் பின்னர் பதிவுக்கு அலைபவர்கள் இந்த நாட்கணக்கை அறியாதவர்கள். இருவரும் ஊரில் நிற்கும்போதே பதிவை முடித்துச் சான்றிதழில் பல பிரதிகள் எடுத்து வாருங்கள்.

ஐரோப்பாவில் கோவிலும் பதிவு அலுவலகமும்

இலங்கையில் பதிவுபெற்ற ஆலயத்தில் குருவானவர் நடத்தி வைக்கும் திருமணம் சட்டப்படியான திருமணமே. அதே இடத்தில் பதிவேட்டிலும் கையொப்பம் வைக்கிறோம். இப்பழக்கத்தில் வளர்ந்தவர்கள் பிரான்சிலும் சுவிசிலும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். அங்கே நகரசபையில் அல்லது குடிசார் பதிவு அலுவலகத்தில் நடப்பது மட்டுமே சட்டப்படியான விவாகம். அது முடிந்த பின்னரே சமயச் சடங்கு நடத்தலாம். ஜேர்மனியில் 2009 முதல் சமயச் சடங்கை முன்னதாகவும் நடத்தலாம். ஆனால் அதற்குச் சட்டப் பலன் ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் சில ஆலயங்கள் விவாகத்துக்காகப் பதிவுசெய்யப்பட்டுள்ளன, சில இல்லை. அறிவித்தல் இன்றி, பதிவுபெறாத இடத்தில் நடக்கும் சமயச் சடங்கு விவாகமே ஆகாது என்ற நிலையை அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் உறுதிசெய்தது. அப்படி ‘மணந்த’ பெண் பிரிய நேர்ந்தால் மனைவி என்ற உரிமையோடு சொத்தில் பங்கு கேட்க முடியாது. கனடாவின் ஒன்ராறியோவில் நிலைமை எமக்குப் பழகியதைப் போன்றது: விவாக அனுமதிப் பத்திரம் எடுத்து 90 நாட்களுக்குள் அதிகாரம் பெற்ற குருவின் முன்னால் மணம் முடிக்கலாம்.

பெண்ணை அங்கே அழைத்துப் பதிவதானால் நாட்டுக்கு நாடு கேள்விகள் மாறும். இங்கிலாந்துக்கு மணமகள் வீசா 6 மாதத்துக்கு. அதற்குள் கலியாணம் முடிய வேண்டும். அக்காலத்தில் வேலை செய்ய முடியாது. பதிவு அலுவலகத்தில் இருவரும் நேரில் அறிவித்தல் கொடுத்து 28 நாட்கள் காத்திருக்க வேண்டும். குடிவரவு சம்பந்தமான சந்தேகம் எழுந்தால் அது 70 நாட்கள் வரை நீட்டப்படலாம். அழைப்பவரின் வருட வருமான எல்லை 2024 ஏப்ரலில் 18,600 பவுணிலிருந்து 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. தரகர் சொல்லும் ‘நல்ல உத்தியோகம்’ இந்த எல்லையைத் தாண்டுகிறதா என்பதைச் சம்பளச் சீட்டில்தான் பார்க்கலாம். பிரான்சில் நகரசபை வாசலில் 10 நாட்கள் அறிவித்தல் ஒட்டப்படும். எமது நாட்டு விவாகச் சட்டம் பற்றிய அத்தாட்சியும் மணமாகாதவர் என்ற அத்தாட்சியும் கேட்பார்கள். ஜேர்மனிக்குத் துணைவராகப் போகிறவர் அடிப்படை ஜேர்மன் மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும் என்ற விதி 2007இல் வந்தது. சுவிசில் 2011 முதல், வெளிநாட்டவர் விவாகம் செய்வதற்குத் தாம் அங்கே சட்டப்படி தங்கியிருப்பதைக் காட்ட வேண்டும். டென்மார்க்கில் 2002 முதல் 24 வயது விதி இருக்கிறது. 20 வயதுப் பிள்ளைக்கு அந்த நாட்டில் மாப்பிள்ளை பேசுவதற்கு முன் இதை அறிந்திருப்பது நல்லது. அவுஸ்திரேலியாவில் கலியாணத்துக்கு ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். இவ்விதிகள் அடிக்கடி மாறுவன. அந்தந்தத் தூதரகத்தின் புதிய அறிவித்தலைப் பார்க்காமல் போன வருடம் போனவரின் சொல்லை நம்பிப் புறப்பட வேண்டாம்.

அங்கே அகதியாக ஏற்கப்பட்டவர் இலங்கைத் தூதரகத்துக்குப் போகாமல் கடதாசி பெறுவது எப்படி என்று சிலர் கேட்பதுண்டு. மேற்சொன்ன சமவாயத்தின் 12ஆவது உறுப்புரைப்படி அகதியின் விவாகத் தகுதி போன்றவற்றை அவர் வாழும் நாட்டின் சட்டமே தீர்மானிக்கும். பிரான்சில் அகதிகளுக்கான அரச அலுவலகமே பிறப்புச் சான்றிதழுக்கு ஈடான பத்திரத்தை வழங்குகிறது. கலியாணம் முடித்தால் அதன் ஓரத்தில் அதுவும் குறிக்கப்படும். ஆகவே, அங்கிருந்து வரும் மாப்பிள்ளையிடம் அண்மையில் எடுத்த அந்தப் பத்திரத்தைக் கேட்டுப் பார்த்தால் முன்னைய விவாகம் உண்டா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கடதாசிகள் தொலைந்தவர்களுக்கு

பெண் வீட்டாரிடம் பொதுவாகக் கேட்கப்படுபவை: பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, தேசிய அடையாள அட்டை, மணமாகாதவர் என்பதற்குப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் சான்று, பொலிஸ் நற்சான்று, வதிவிடம் பற்றிய கிராம அலுவலரின் சான்று. தமிழில் உள்ளவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு மொழிபெயர்த்து, வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டும். இதற்குக் கொழும்புக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. யாழ்ப்பாணத்திலும் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டது.

ஓடும்போது சான்றிதழ் எங்கே, பெட்டி எங்கே என்று யார் பார்த்தார்கள்? சான்றிதழ் தொலைந்திருந்தால் பதிவு தொலைந்தது என்று பொருளல்ல. மாவட்டப் பதிவகத்தில் தேடுங்கள். அங்கே புத்தகம் எரிந்திருந்தாலும் மத்திய ஆவண அறையில் இரண்டாம் பிரதி இருக்கக்கூடும். பிறந்த திகதியும் பதிவுப் பிரிவும் தெரிந்தால் தேடுவது எளிது. இலக்கம் தெரிந்தால் இன்னும் எளிது. எங்கும் கிடைக்காவிட்டால் அனுமான வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குப் பாடசாலை அனுமதிப் பதிவும், ஞானஸ்நானப் பதிவும், தாயின் சத்தியக் கடதாசியும் துணைச் சான்றாகும். பங்கின் பழைய பதிவேடுகள் ஆயரகத்திலோ அயல் பங்கிலோ காக்கப்பட்டிருக்கலாம், விசாரியுங்கள்.

பெயர்தான் பெரிய தலையிடி. கந்தையா என்ற பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதலாம். மூன்றும் மூன்று கடதாசியில் இருக்கும். ஒன்றில் தகப்பன் பெயர் முன்னால், இன்னொன்றில் முதலெழுத்து மட்டும். எமக்கு இது ஒரே ஆள். ஐரோப்பியப் பதிவாளருக்கு மூன்று ஆட்கள். சமாதான நீதவானின் முன்னால் சத்தியக் கடதாசி முடிப்பது சில இடங்களில் போதும். சில இடங்களில் பிறப்புப் பதிவையே திருத்தக் கேட்பார்கள். விவாகப் பதிவின்போது கடவுச்சீட்டில் உள்ளபடியே ஒவ்வோர் எழுத்தும் இருக்கிறதா என்று சரிபார்த்த பின் கையொப்பமிட்டால் பாதிச் சிரமம் குறையும்.

கணவனை இழந்தவர்கள், காணாதவர்கள்

மறுமணம் செய்ய முன்வரும் சகோதரிகளுக்கு முன்னைய கணவரின் மரணச் சான்றிதழ் தேவை. காணாமற்போனவர்களின் விடயத்தில், கலவரத்தாலோ ஆயுத மோதலாலோ ஓராண்டுக்கு மேலாகச் செய்தி இல்லாதவரின் மரணத்தைப் பதிய 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் இடமளித்தது. கணவர் இறந்தார் என்று எழுத மனம் ஒப்பாதவர்களுக்காக 2016இல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் கொண்டுவரப்பட்டது. இதன்மூலம் கொடுப்பனவு, வங்கி, காணி போன்ற அலுவல்களைப் பார்க்கலாம். ஆனால் அது அவர் இறந்தார் என்று சொல்லவில்லை. ஆகவே மறுமணத்துக்கு அதைக் காட்ட முடியாது. எந்தச் சான்றிதழை எடுப்பது என்பது அந்தப் பெண்ணின் மனம் தீர்மானிக்க வேண்டியது. கலியாணம் பேசும் சுற்றத்தார் அதற்காக அவரை நெருக்கக்கூடாது.

விவாகரத்தான மாப்பிள்ளையானால் நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பைக் கண்ணால் பாருங்கள். இலங்கையில் முதலில் இடைக்காலத் தீர்ப்பு வரும். அதை வைத்து மணம் முடிக்க முடியாது. முன்னைய விவாகம் சட்டப்படி முடியாமல் செய்யும் இரண்டாம் விவாகம் செல்லாது. அது குற்றமும் ஆகும்.

காணியை எழுதுமுன்

எமது வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியவற்றுள் கனமானது இதுதான். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரத்தில் பெற்ற வயலைப் பிரதேச செயலாளரின் எழுத்திலான அனுமதியின்றிச் சீதனமாகவோ ஈடாகவோ எழுத முடியாது. எழுதினாலும் செல்லாது. பயணச் செலவுக்கென்று அப்படிப்பட்ட காணியைக் கைமாற்றிவிட்டு, வீசாவும் கிடைக்காமல் வயலும் இல்லாமல் நிற்பதைவிட முதலில் பிரதேச செயலகத்தில் கேட்பது மேல்.

உறுதிக் காணியானால், வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ள மாப்பிள்ளையின் பெயருக்கு அதை மாற்றுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இத்தடை இல்லை. எப்படியாயினும் பெண்ணின் பெயருக்கு எழுதுவதே பாதுகாப்பு.

அதிலும் தேசவழமைக்கு உட்பட்ட வடபகுதிப் பெண்களுக்கு ஒரு முடிச்சு உண்டு. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்திலான சம்மதமின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. நகை போன்றவற்றை விற்கலாம், மரணசாசனமும் எழுதலாம். ஆனால் உயிருடன் இருக்கும்போது காணியை அசைக்கக் கணவனின் கையொப்பம் வேண்டும். மட்டக்களப்புப் பெண்ணுக்கு இந்தத் தடை இல்லை. எழுத்து முடிந்து கணவன் வெளிநாட்டில் இருக்க, விதைப்புக்கு ஒரு கடன் எடுக்கக் காணியை ஈடு வைக்கப் போனால் நொத்தாரிசு திருப்பி அனுப்பிவிடுவார். மாப்பிள்ளை விமானம் ஏறுமுன்பே இதற்கான அற்றோணித் தத்துவத்தை முடித்துப் பதிவுசெய்து வைப்பது நடைமுறைக்கு ஏற்றது. அவர் கைவிட்டுப் போய்விட்டாலோ, இருப்பிடம் தெரியாமற் போனாலோ, நியாயமின்றிச் சம்மதிக்க மறுத்தாலோ, அதே சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்துக் கணவனின் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். வழக்குச் செலவுக்கு வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் பிராந்திய நிலையத்தை நாடலாம். போகும்போது விவாகச் சான்றிதழையும் காணி உறுதியையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.